பச்சை வளையல் பன்னிரண்டு

பிரசவ வலியில் பாதியைத் தானே வாங்கிக்கொள்வதாக நவநீதன் கையெழுத்துப் போட்டபோது, பேனாவைப் பிடித்திருந்த விரல்கள் மட்டும்தான் அவன் சொன்னபடி கேட்டன.  

நவநீதன் அப்படியொன்றும் கோழை இல்லை. லிஃப்ட் கம்பெனியில் சர்வீஸ் இன்ஜினியர். பதினான்காவது மாடியில், அந்தரத்தில் தொங்கும் இரும்புக் கயிற்றுக்குப் பக்கத்தில் நின்றபடியே டிபன் பாக்ஸைத் திறந்து தயிர்சாதம் சாப்பிடுகிறவன். ஆனால் உடம்புக்கு ஒரு வலி என்றால் மட்டும் வேறு ஆளாகிவிடுவான். கல்லூரியில் ரத்ததான முகாமுக்குப் போனவன், ஊசியைப் பார்த்ததுமே மயங்கி விழுந்தான். ரத்தம் எடுக்காமலேயே அவனுக்கு ஜூஸ் கொடுத்து ஆட்டோவில் ஏற்றி அனுப்பினார்கள். இந்தக் கதை அவன் மனைவி இலக்கியாவுக்குத் தெரியும். அவன் அம்மா மங்கையர்க்கரசி, பெண் பார்க்கப் போன அன்றே சொல்லிவிட்டாள், அதுவும் பெருமையாக. தன் பிள்ளை அவ்வளவு மென்மையானவனாம்.

இலக்கியாவுக்குப் பத்தொன்பது வயதில் முதுகெலும்பில் ஓர் ஆபரேஷன் நடந்திருந்தது. அதனால் பிரசவத்தில் மற்றவர்களுக்குப் போடுகிற மரத்துப்போகச் செய்யும் ஊசியை அவளுக்குப் போட முடியாது. அதைக் கேட்டதிலிருந்து அவள் சரியாகத் தூங்கவில்லை. அப்போதுதான் திருச்சி தில்லைநகரில் இருக்கும் டாக்டர் ரெஜினா இந்த வளையல் விஷயத்தைச் சொன்னார்.

"வலிங்கிறது ஒரு செய்தி, அவ்வளவுதான். கர்ப்பப்பையிலேர்ந்து முதுகுத்தண்டு வழியா மூளைக்குப் போற செய்தி. இந்தப் பட்டைய இவங்க இடுப்புல கட்டிடுவோம். செய்தியில பாதிய இது வழியிலயே வாங்கி வளையலுக்கு அனுப்பிடும். வளையல் யார் கையில இருக்கோ அவங்களுக்கு வலிக்கும்."

"அந்தப் பாதிய அப்படியே அழிச்சிட முடியாதா மேடம்?" என்றான் நவநீதன்.

"அழிச்சுப் பார்த்தாங்க சார். கர்ப்பப்பை சோர்ந்து போய் வேலைய நிறுத்திடுது. யாரோ ஒரு உடம்பு அதை வாங்கிக்கிட்டு, 'ஆமா, வலிக்குது'ன்னு பதில் அனுப்பணும். அப்பத்தான் அடுத்த வலி ஒழுங்கா வரும்."

"கரண்ட் மாதிரி தரைக்கு எர்த் பண்ணிட்டா?"

டாக்டர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு அவனைப் பார்த்தார்.

"உங்களத்தான் சார் எர்த்தா வெச்சிருக்கோம்."

இலக்கியா சிரித்தாள். பல நாள் கழித்து அவள் சிரித்ததைப் பார்த்த சந்தோஷத்தில்தான் நவநீதன் கையெழுத்துப் போட்டுத் தொலைத்தான்.

பெட்டியில் பன்னிரண்டு வளையல்கள் இருந்தன. அத்தனையும் பச்சை, கண்ணாடி மாதிரி பளபளப்பு. ஒரே வளையல் அவ்வளவு வலியையும் தாங்காதாம். கைக்கு ஆறாகப் போட்டுக்கொள்ள வேண்டுமாம். கறுப்புப் பட்டையாகவோ கைக்கடிகாரமாகவோ செய்திருக்கலாம். கம்பெனிக்காரர்கள் வடிவத்தைப் பற்றிக் கருத்துக் கேட்டது மனைவிகளிடம் மட்டும். ஒரு வளையலை முதல் தடவை யார் மாட்டுகிறார்களோ, பத்து நிமிஷத்தில் அது அவர்கள் நரம்பைப் படித்துக்கொண்டு அவர்களுடையதாகிவிடும். வேறு யாருக்கும் மாற்ற முடியாது. பிடிக்காவிட்டால் எப்போது வேண்டுமானாலும் கழற்றலாம். கழற்றினால் அந்தப் பங்கு மற்ற வளையல்களுக்குப் போகும். எல்லா வளையலையும் கழற்றிவிட்டால் அத்தனையும் தாய்க்கே திரும்பிவிடும்.

சனிக்கிழமைதோறும் ஆஸ்பத்திரி மாடியில் தம்பதிகளுக்கு வகுப்பு. மாதிரி வலி கொடுக்கிற இயந்திரம் ஒன்று இருந்தது, பத்துப் படிகள். கான்ஸ்டபிள் ஒருவர் ஏழாவது படியில் பல்லைக் கடித்துக்கொண்டு புன்னகை செய்தார். கல்லூரி ஆசிரியர் ஒருவர் ஆறாவது படியில் வியர்த்து விறுவிறுத்து, 'சமூகத்தில் பெண்ணின் நிலை' பற்றிச் சில வார்த்தை பேசினார். நவநீதன் மூன்றாவது படியில் "அம்மா!" என்று அலறிய அலறலில், கீழ்த்தளத்து மருந்துக்கடைப் பெண் மாடிக்கு ஓடி வந்துவிட்டாள்.

இலக்கியா வயிறு குலுங்கச் சிரித்தாள். வீட்டுக்குத் திரும்பும் ஆட்டோவில் சிரிப்பு நின்றுவிட்டது.

"நவா, எனக்கு நெஜமாவே பயமா இருக்கு. முதுகு ஆபரேஷனப்ப வலிச்சது இன்னும் மறக்கல. பாதி போதும். பாதிய நீங்க வாங்கிட்டீங்கன்னா மீதிய நான் எப்படியாவது பார்த்துக்குவேன். நடுவுல கழட்டிட மாட்டீங்களே?"

"சேச்சே."

"மூணாம் படியிலயே அப்படிக் கத்துனீங்க."

"அது பயிற்சிதானே! மேட்ச் வேற," என்றான். அவனுக்கே அந்தக் குரல் யாருடையதோ போல இருந்தது.

ஒன்பதாம் மாதத் தொடக்கத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, உறையூரில் அவர்கள் குடியிருந்த அடுக்குமாடிக் கட்டடத்தின் ஹாலில் வளைகாப்பு. வழக்கமாக அதற்குப் பிறகு பெண்ணை அம்மா வீட்டுக்கு அழைத்துப் போவார்கள். டாக்டர் பயணம் வேண்டாம் என்றதால், லால்குடியிலிருந்து இலக்கியாவின் அம்மா கலாவதியே பெட்டி படுக்கையோடு வந்து இறங்கிவிட்டாள். சம்பந்திகள் இருவரும் ஒரே சமையலறையில். அந்த வீட்டில் நடந்த மற்ற பயங்கரங்களைத் தனிக் கதையாகத்தான் எழுத வேண்டும்.

வளைகாப்பில் ஆண்களுக்கு என்ன வேலை? நவநீதன் வாடகை நாற்காலி எண்ணினான், புளியோதரை அண்டாவை இறக்கினான், வாழையிலை பற்றாமல் போய் ஸ்கூட்டரில் பறந்தான். உள்ளே கூட்டம் எதிர்பார்த்ததைவிட அதிகம். வந்த பெண்கள் எல்லோருக்கும் வளையல் கொடுத்து அனுப்ப வேண்டும், அது முறை. வாங்கி வைத்திருந்த சிவப்பு வளையல் பற்றாது போலிருந்தது. மங்கையர்க்கரசி பீரோவைத் திறந்தாள். மேல்தட்டில் அழகான பெட்டி, அது என்னவென்று அவளிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை. உள்ளே பளபளவென்று ஒரு டஜன் பச்சை வளையல். பிள்ளைக்கு இவ்வளவு முன்யோசனையா என்று மனம் பூரித்துப் போனாள்.

நான்கு நாள் யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. காலிப் பெட்டியை மங்கையர்க்கரசி மூடி, இருந்த இடத்திலேயே பத்திரமாக வைத்துவிட்டாள்.

வியாழக்கிழமை காலை பதினோரு மணிக்கு இலக்கியா சோபாவில் உட்கார்ந்து கொய்யாப்பழம் தின்றுகொண்டிருந்தாள். இடுப்புப் பட்டை அவளுக்குப் பழகட்டும் என்று ஏற்கெனவே கட்டியிருந்தார்கள். "நவா, இங்க லேசா இழுத்துப் புடிக்கிற மாதிரி இருக்கு," என்றாள்.

அதே நொடியில் சமையலறையில் தோசைக் கரண்டி விழுந்தது. கூடவே மங்கையர்க்கரசியும் உட்கார்ந்தாள். "ஐயோ, எனக்கு என்னமோ பண்ணுதே!"

"அத்தைக்கும் இழுக்குதா?" என்றாள் இலக்கியா வியப்பாக.

நவநீதனின் போன் அடித்தது. அவன் மேனேஜர் ஷெரின் மேடம். "நவநீதன், உங்க வீட்டுப் புளியோதரையில என்ன போட்டீங்க? நாலு நாள் கழிச்சு வேலை செய்யுது." அதை வைப்பதற்குள் பெரியம்மா. அதற்குள் மாமா மகள் தேன்மொழி. அவள் டிராஃபிக் சப்-இன்ஸ்பெக்டர். பால்பண்ணை சிக்னலில் நடுரோட்டில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாளாம். நான்கு பக்கமும் வண்டிகள் நிற்கின்றனவாம். "மச்சான், இது சாதாரண வயித்துவலி இல்ல. உள்ளேர்ந்து யாரோ துணி பிழியறாங்க."

லிஃப்டில் எந்தக் கம்பி எங்கே போகிறது என்று தேடிப் பழகியவன் நவநீதன். பீரோவைத் திறந்தான், பெட்டியைத் திறந்தான். உள்ளே ஒரு வளையல்கூட இல்லை.

"அம்மா, இதுல இருந்த வளையலெல்லாம் எங்க?"

"அதுவா? பத்தலையேன்னு எடுத்துக் குடுத்தேன்டா. எல்லாரும் ஆசையாப் போட்டுக்கிட்டாங்க."

"யார் யாருக்கு?"

மங்கையர்க்கரசி விரல்விட்டு எண்ணினாள். அவளுக்கு ஒன்று. அவளுடைய அக்காவுக்கும் இரண்டு தங்கைகளுக்கும். நவநீதனின் இரண்டு அத்தைகளுக்கு. தேன்மொழிக்கு. ஷெரின் மேடத்துக்கு. அடுக்குமாடிச் சங்கச் செயலாளர் கமலவேணிக்கு. "மேல் மாடி வசுந்தராவுக்கு மட்டும் ரெண்டு போட்டேன். பாவம், பதினாறு வருஷமாக் கொழந்த இல்ல. முதல்ல அவளத்தான் கூப்பிட்டுப் போட்டேன். மிச்சம் ஒண்ணு, அம்மன் படத்துல மாட்டியிருக்கேன்."

பளபளப்பானதையெல்லாம் தன் பக்கத்து ஆட்களுக்கே பார்த்துப் பார்த்துக் கொடுத்திருக்கிறாள். சம்பந்தி வீட்டாருக்குச் சாதாரணச் சிவப்பு வளையல்தான். விஷயம் புரிந்ததும் கலாவதியின் முகத்தில் வந்த நிம்மதியை விவரிக்க முடியாது. தன் கையிலிருந்த சிவப்பு வளையலை ஒருமுறை தடவிக்கொண்டு, "உங்க நல்ல மனசு சம்பந்தி," என்றாள்.

ஆஸ்பத்திரியில் விஷயத்தைக் கேட்ட டாக்டர் ரெஜினா சிரிக்கவில்லை, சிரிக்காமல் இருப்பதற்கு அவர் பட்ட பாடு தெரிந்தது. "இது பொய்வலிதான், பயப்பட வேண்டாம். முதல் தடவைங்கிறதால வளையல் அளவு தெரியாமக் கூடவே குடுத்திருக்கும். ஆனா புது செட்டு வர ஆறு வாரம் ஆகும். நமக்கு மூணு வாரம்தான் இருக்கு. பத்துப் பேர்கிட்டயும் போய் உண்மையச் சொல்லி சம்மதம் வாங்கணும். சம்மதம் இல்லாதவங்க கழட்டிடலாம்."

"அவங்க எல்லாரும் சம்மதிச்சுட்டா?" என்று கேட்டான் நவநீதன்.

"அப்ப உங்களுக்கு வேலையே இல்ல. அவங்களே பாதியப் பங்கு போட்டுக்குவாங்க."

 நவநீதனின் தோள் இரண்டும் அரை அங்குலம் இறங்கின. பல வாரமாகக் காதுக்குப் பக்கத்தில் இருந்த தோள்கள். இலக்கியா அதைப் பார்த்துவிட்டாள். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் திட்டியிருந்தால் அவனுக்கு எவ்வளவோ சுலபமாக இருந்திருக்கும். வீட்டுக்கு வந்ததும் நேரே பூஜை அலமாரிக்குப் போய், அம்மனிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு அந்த ஒரு வளையலைக் கழற்றித் தன் கையில் மாட்டிக்கொண்டான். படத்துக்கு நரம்பு இல்லை, அதனால் அந்த வளையல் இன்னும் யாருடையதும் ஆகியிருக்காது என்பது அவன் கணக்கு. கணக்கு சரியாக இருந்தது. பத்தாவது நிமிஷம் வளையல் சின்னதாக மின்னியது. 

பிறகு சம்மதப் படிவத்தோடு வீடு வீடாக ஏறி இறங்கினான். அத்தைகள் இருவரும் படிவத்தைப் படிக்காமலேயே வளையலைக் கழற்றி மேசைமேல் தூர வைத்தார்கள். சித்திகளும் அப்படியே. கமலவேணி இதைச் சங்கத்து வாட்ஸ்அப் குழுவில் வாக்கெடுப்புக்கு விட்டாள். நாற்பத்தொரு பேர் 'கழற்றவும்' என்றார்கள், அதில் முப்பத்தெட்டு பேர் ஆண்கள். பெரியம்மா மட்டும் மார்தட்டினாள்: "நாலு பெத்தவ நான். நாத்து நட்டுட்டு வந்து பெத்தேன். இதெல்லாம் எனக்குத் தூசு." தேன்மொழி கையெழுத்துப் போட்டு சல்யூட் அடித்தாள். ஷெரின் மேடம், "எனக்கு ரெண்டும் சிசேரியன். அது எப்படித்தான் இருக்கும்னு பார்த்துடறேன்," என்றார். மங்கையர்க்கரசி படிவத்தைக் கையில் வாங்கவே இல்லை. "எம் பேரப்புள்ள. என்கிட்டயே கையெழுத்தா?"

கடைசியாக மேல் மாடிக்குப் போனான். வசுந்தராவுக்கு நாற்பத்தொரு வயது; வீட்டிலேயே தையல் இயந்திரம் போட்டு ரவிக்கை தைக்கிறவள். கணவர் சேகர் குடிநீர் வாரியத்தில். வியாழக்கிழமை போன் செய்யாத ஒரே ஆள் அவள்தான், இத்தனைக்கும் அவள் கையில் இரண்டு வளையல்.

"பதினோரு மணிக்கு உங்களுக்கு ஒண்ணும் பண்ணலையாக்கா?"

"பண்ணுச்சு தம்பி. என்னன்னு தெரியல. வயித்துல கைய வெச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன்."

அவன் விஷயத்தைச் சொன்னான். மன்னிப்புக் கேட்டான். கழற்றிவிடச் சொன்னான்.

வசுந்தரா கையை மடியில் வைத்துக்கொண்டாள். "எத்தனை வளைகாப்புக்கு ரவிக்கை தெச்சுக் குடுத்திருப்பேன். கூப்பிடறவங்க கூப்பிடுவாங்க. போனா, பின்னாடி நின்னுக்கன்னு சொல்லாமச் சொல்லுவாங்க. உங்கம்மாதான் முதல் ஆளாக் கூப்பிட்டுக் கையப் புடிச்சுப் போட்டாங்க."

"இல்லக்கா, இது வலி. நெஜ வலி. ரெண்டு வளையல்னா ரெண்டு பங்கு."

"தெரியுது தம்பி. எனக்கு வேற வழியில வரப்போறதில்ல. இது ஒண்ணாவது வரட்டுமே." படிவத்தை வாங்கி, தையல்காரிக்கே உரிய நேர்க்கோட்டில் கையெழுத்துப் போட்டாள். "இலக்கியாகிட்ட சொல்லுங்க, பயப்பட வேணாம்னு."

மூன்று வாரம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை, காலை ஒன்பது மணிக்கு இலக்கியாவைப் பிரசவ அறைக்குள் கொண்டுபோனார்கள். நவநீதனுக்குப் பக்கத்திலேயே ஒரு கட்டில் போட்டிருந்தார்கள். அவனுக்கு ரோஷம் வந்தது. "நான் நின்னுக்குவேன் சிஸ்டர்," என்றான். நர்ஸ் கட்டிலுக்கு ஒரு தலையணை கொண்டுவந்து வைத்தாள்.

சுவரில் இருந்த திரையில் ஏழு பச்சைப் புள்ளிகள் எரிந்தன. அம்மா, பெரியம்மா, தேன்மொழி, ஷெரின் மேடம், நவநீதன், வசுந்தராவுக்கு இரண்டு.

முதல் நிஜவலி வந்தது. நவநீதன் நின்றான். பெருமையாக இலக்கியாவைப் பார்த்தான். அவள் மூச்சை எண்ணிக்கொண்டிருந்தாள். ஏழில் ஒரு பங்கு இவ்வளவுதானா என்று அவன் நினைத்து முடிப்பதற்குள் ஒரு புள்ளி அணைந்தது. பெரியம்மா. பிறகு விசாரித்ததில், நாற்று நட்ட காலத்து உடம்பு வேறு என்று விளக்கம் சொன்னாள்.

பத்தரை மணிக்கு நவநீதன் கட்டிலில் உட்கார்ந்தான். பதினொன்றுக்குப் படுத்தான். ஷெரின் மேடம் மும்பைக் கஸ்டமர்களோடு வீடியோ மீட்டிங்கில் இருந்தபடியே பதினொன்றே கால்வரை தாங்கினார். அவர் முகத்தைப் பார்த்த மும்பைக்காரர்கள் கேட்காமலேயே இரண்டு கோரிக்கைகளை வாபஸ் வாங்கிவிட்டார்கள். ஆனாலும் புள்ளி அணைந்தது. தேன்மொழிக்கு அன்று மந்திரி வருகைப் பாதுகாப்பு. "மந்திரி கார் முன்னால நான் உக்கார முடியாது மச்சான், மன்னிச்சுக்க," என்று குரல்செய்தி வந்தது. அதையும் அவனால் கேட்க முடியவில்லை. நர்ஸ்தான் கேட்டுச் சொன்னாள்.

"அம்மா!" என்று கத்தினான் நவநீதன். "அம்மாடி! ஐயோ!"

"கத்தாதீங்க நவா," என்றாள் இலக்கியா பல்லைக் கடித்துக்கொண்டு. "எனக்கு எண்ணிக்கை விட்டுப்போகுது."

மகன் கத்தியது வெளியே வராந்தாவில் இருந்த மங்கையர்க்கரசிக்குக் கேட்டது. அவளும் அதே நேரத்தில் பெஞ்சியைப் பிடித்துக்கொண்டு கத்திக்கொண்டிருந்தாள். தாயும் மகனும் ஆளுக்கொரு பக்கம் பெண்ணின் வலியை அலறித் தீர்க்க, பிரசவிக்கிறவள் மட்டும் வாயைத் திறக்கவில்லை. பன்னிரண்டு மணிக்கு மங்கையர்க்கரசியின் தலை கதவில் எட்டிப் பார்த்தது. கையில் கழற்றிய வளையல். "உன்ன ஒரு தரம் பெத்தாச்சுடா கண்ணு. ரெண்டாந்தரம் என்னால ஆகாது."

மூன்று புள்ளிகள் மிச்சம். அவன் ஒன்று. வசுந்தரா இரண்டு.

அடுத்த வலி வந்தபோது நவநீதனுக்குப் பத்தாவது படி என்றால் என்ன என்று தெரிந்தது. இடுப்பைக் கழற்றி வேறு இடத்தில் மாட்டுவது போல இருந்தது. அவன் வலது கை தானாகவே இடது கை வளையலைத் தேடிப் போனது. அதைக் கழற்ற ஒரு நொடி போதும். யாரும் குறை சொல்ல மாட்டார்கள். அம்மாவே கழற்றிவிட்டாள். அவன் தலையைத் திருப்பினான். இலக்கியா அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். முகம் சிவந்து, நெற்றி முழுக்க வேர்வை. அவள் கெஞ்சவில்லை. அவன் கையையே பார்த்தாள், அவ்வளவுதான்.

அவனுக்கு வெட்கமாக இருந்தது. இவ்வளவு அலறியும் அவன் வாங்கியது ஆறில் ஒரு பங்கு. மேல் மாடியில் ஒருத்தி மூன்றில் ஒரு பங்கை வாங்கிக்கொண்டிருக்கிறாள். இவளோ பாதியை.

"சிஸ்டர், வசுந்தரா அக்காவுக்குப் போன் போட்டுக் கழட்டச் சொல்லுங்க! அவங்க எதுக்கு..." மீதியைச் சொல்ல முடியவில்லை.

நர்ஸ் போன் போட்டாள். சேகர் எடுத்தார். அழுகிற குரல். "மாட்டேங்கறா சிஸ்டர். உள்ள தாழ் போட்டுக்கிட்டா. கதவுக்கு இந்தப் பக்கம் நான் நிக்கறேன். அங்க கொழந்த பொறந்ததும் சொல்லுங்க, அது போதுங்கறா."

நவநீதன் வலது கையை வளையலிலிருந்து எடுத்து, கட்டிலுக்கு அப்பால் நீட்டி, இலக்கியாவின் கையைப் பிடித்தான். அதற்குப் பிறகும் கத்தினான், முன்னைவிட அதிகமாகவே கத்தினான். ஆனால் கழற்றவில்லை. ஒன்று நாற்பதுக்குப் பெண் குழந்தை பிறந்தது. வலி சட்டென்று நின்றது. நர்ஸ் குழந்தையைத் துடைத்து எடுத்து வந்தபோது இரண்டு கட்டிலையும் பார்த்து, யாருக்கு முதலில் குளுக்கோஸ் என்று டாக்டரைக் கேட்டாள். இலக்கியா, "அவருக்கே போடுங்க சிஸ்டர்," என்றாள்.

நவநீதன் ஊசியைப் பார்த்தான். மயக்கம் வரவில்லை. அவனுக்கே ஆச்சரியம்.

இந்த இடத்தோடு கதையை முடித்துவிடலாம், எல்லோருக்கும் சந்தோஷம். ஆனால் மூன்றாம் நாள் ஒன்று நடந்தது.

குழந்தை காலையிலிருந்து அழுதுகொண்டே இருந்தது. இலக்கியாவுக்கு இன்னும் பால் சரியாகச் சுரக்கவில்லை. இரண்டு பாட்டிகளும் பூண்டா, வெந்தயமா என்று வாக்குவாதத்தில் இருந்தார்கள். டாக்டர் ரெஜினா வாசலில் நின்று நவநீதனைக் கண்ணால் கூப்பிட்டார். வராந்தாவில் வசுந்தரா நின்றிருந்தாள். சேலைத் தலைப்பை மார்பு முழுக்க இழுத்துப் போர்த்தியிருந்தாள். பக்கத்தில் சேகர், எங்கே பார்ப்பது என்று தெரியாமல் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"காலையில என்கிட்ட வந்தாங்க," என்றார் டாக்டர், தாழ்ந்த குரலில். "இவங்களுக்குப் பால் சுரக்குது."

"எப்படி மேடம்?"

"அவ்வளவு வலியையும் வாங்கிக்கிட்டு, பதிலும் அனுப்பியிருக்கு இவங்க உடம்பு. புள்ள பெத்துட்டதா அது முடிவு பண்ணிடுச்சு. ஆம்பளைங்க கையில போட்டுப் பார்த்துத்தான் கம்பெனி இதைச் செஞ்சுது. இப்படி ஆகும்னு அவங்க யோசிக்கவே இல்ல. ரத்தமெல்லாம் பரிசோதனை பண்ணிட்டேன், நல்லாத்தான் இருக்காங்க. மாத்திரை குடுத்திருக்கேன். ரெண்டு நாள்ல நின்னுடும்."

வசுந்தரா உள்ளங்கையைத் திறந்து காட்டினாள். சின்ன வெள்ளை மாத்திரை. "போட்டுக்கறேன் தம்பி. அதுக்கு முன்னாடி பாப்பாவ ஒரு தரம் பார்த்துட்டுப் போயிடறேன். அழற சத்தம் கேட்டா இங்க..." தலைப்பை இன்னும் இறுக்கிக்கொண்டாள்.

உள்ளே போனதும் எல்லோருக்கும் விஷயம் தெரிந்துவிட்டது. மறைக்க முடிகிற விஷயமாக இல்லை. வசுந்தராவின் தலைப்பு நனைந்திருந்தது. இலக்கியா குழந்தையை மார்போடு சேர்த்துப் பிடித்தாள். அந்தப் பிடியில் கொஞ்சம் பயம் இருந்தது, கொஞ்சம் கோபமும். ஒன்பது மாதம் சுமந்தது அவள்தானே.

"பார்த்தாச்சுல்ல வசுந்தரா, கெளம்பும்மா," என்றாள் மங்கையர்க்கரசி. "புள்ளைக்கு இன்னொருத்தி பாலெல்லாம் நம்ம வீட்டுல வழக்கமில்ல." கலாவதி தலையாட்டினாள். சம்பந்திகள் இருவரும் முதல் தடவையாக ஒரு விஷயத்தில் ஒத்துப்போனார்கள்.

குழந்தை வீல் என்று கத்தியது. வசுந்தரா ஓர் அடி பின்னால் நகர்ந்தாள். பின்னால் நிற்பது அவளுக்குப் பழக்கம்.

இலக்கியா அவளைப் பார்த்தாள். பிறகு மாமியாரைப் பார்த்தாள். "அத்தை, நீங்க பன்னெண்டு மணிக்குக் கழட்டிட்டீங்க," என்றாள். "இவங்க கழட்டல."

 இலக்கியா குழந்தையைத் தூக்கி நீட்டினாள்.  "தலையப் புடிச்சுக்கங்கக்கா. கழுத்து நிக்காது."

சேகரும் நவநீதனும் அவசரமாகச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். சற்று நேரத்தில் அழுகை நின்றது. சப்புக் கொட்டும் சத்தம் மட்டும் கேட்டது. சேகரின் முதுகு குலுங்கியது. நவநீதன் அவர் தோளில் கை போட்டான்.

"இலக்கியா," என்றாள் வசுந்தரா பின்னாலிருந்து, பயந்து பயந்து. "நாளைக்கும் ஒரு தரம் வந்து பார்த்துட்டுப் போகட்டுமா?"

"நாளைக்கா? ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் பசிக்கும்னு சிஸ்டர் சொல்றாங்க. நான் ஒருத்தி என்னக்கா பண்ணுவேன்?"

வசுந்தரா தலைப்பைச் சரிசெய்துகொண்டதும் நவநீதன் திரும்பினான். வசுந்தராவின் இடது உள்ளங்கை இன்னும் மூடியே இருந்தது. அவன் அவள் முன்னால் போய் நின்று கையை நீட்டினான்.

"அந்த மாத்திரைய என்கிட்ட குடுங்கக்கா."

வசுந்தரா கொடுத்துவிட்டாள்.